மருந்துக்கடைப் பலகை

மூன்று மணிக்கு இலிதியு கடைக்கு வந்தான்.
மாத்திரை எதுவும் கேட்கவில்லை.
"வாசலில் அந்தப் பச்சைச் சிலுவை இருக்கிறதே, க்ராசியெத்,
அதில் வெப்பம் காட்டுவதை மட்டும்
எட்டு மணி வரை அணைத்து வை.
மணி ஓடட்டும், தேதி ஓடட்டும்.
அதைப் பார்த்தால் பாதிப் பேர்
வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்."

திருவிழா ஓட்டம் அவன் பொறுப்பு.
அறுபத்திரண்டு பேர், ஒன்பது கிலோமீட்டர்,
புனித பிரிஜிதா கோயில்வரை போய்த் திரும்ப வேண்டும்.
முடித்தவர்க்கெல்லாம் ஆளுக்கொரு முலாம்பழம்.
அணைத்தேன்.
அணைக்கும் முன் பார்த்துவிட்டேன்.
பிறகு வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு
நாற்பத்தெட்டு என்ற அட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டு
நானும் போய் நின்றேன்.

மணி ஆறு.
அலென்தேஜுவில் ஆகஸ்ட் வெயிலுக்கு
அது வீடு திரும்பும் நேரம் அல்ல;
இரண்டாம் ஷிஃப்டுக்கு அப்போதுதான் கையெழுத்துப் போட்டிருந்தது.

முதல் கிலோமீட்டரில் எல்லாரும் மனிதர்கள்.
பால்கனிகளுக்குக் கையசைத்தோம்.
இரண்டாவதில் கல்லறைச் சுவரோரம்
முழ அகலத்துக்கு ஒரு நிழல்.
அத்தனை பேரும் அதற்குள் ஒடுங்கி
எறும்புச் சாரையாகப் போனோம்.
சுவர் முடிந்தது.

தார் இளகிக் கிடந்தது.
வைத்த காலை ஒவ்வொரு முறையும்
சற்று யோசித்த பிறகே திருப்பித் தந்தது.
மின்கம்பத்து உச்சியில், கூட்டில்,
அலகைப் பிளந்தபடி ஒரு நாரை,
வேடிக்கை பார்க்கவும் தெம்பில்லாமல்.

சுல்மீரா வாசலில் ரப்பர் குழாயோடு நின்று
வந்தவர்மேல் எல்லாம் பீய்ச்சினாள்.
பகல் முழுக்கக் குழாய்க்குள் கிடந்த தண்ணீர்
முந்தி ஓடியவர்களை வேகவைத்தது.
பின்னால் வந்த எங்களுக்குத்தான்
கிணறு கிடைத்தது.
பிறந்ததிலிருந்து மெதுவாகவே ஓடியதற்கு
முதன்முதலாக ஒரு லாபம்.

போகிறவர்கள் எல்லாம் என்னிடம் கேட்டார்கள்,
மருந்துக்கடைக்காரிக்குத் தெரியாமலா என்று.
"எவ்வளவு இருக்கும்?"
"முப்பத்தைந்து," தபால்காரனிடம்.
"முப்பத்தாறு," ஒட்டீலியாவிடம்.
அவளுக்கு மாதாமாதம் ரத்தக்கொதிப்பு மாத்திரை
எண்ணிக் கொடுப்பவளே நான்.
பொய்யை வாங்கிக்கொண்டு இருவரும்
ஒரு மிடறு வேகம் கூட்டினார்கள்.
நிஜ எண் என் நாக்கடியில்
விழுங்காத வில்லையாய்க் கரைந்து கசந்தது.

திரும்பும் வழியில், ஆறாவது கிலோமீட்டர்,
தக்கை மரங்கள்.
போன மாதம்தான் பட்டை உரித்திருக்கிறார்கள்.
செக்கச்சிவந்த வெற்றுடம்பில்
வெள்ளைச் சாயத்தில் ஆளுக்கோர் எண்,
உரித்த வருடத்தின் கடைசி இலக்கம்.
இனி ஒன்பது வருடம்
ஒருவரும் கைவைக்க மாட்டார்கள்.
எங்களுக்கும் நெஞ்சில் எண் இருந்தது.
தவணைதான் எழுதியிருக்கவில்லை.

ஒரு மரத்தடியில் பெல்மீரு சரிந்திருந்தான்.
இவற்றைக் கோடாலி வைத்து உரித்தவனே அவன்.
முகம் அந்த மரத்தின் நிறத்துக்கு வந்திருந்தது.
"நிஜத்தைச் சொல். எவ்வளவு?"
திரும்பிப் பார்த்தேன். இலிதியு இல்லை.
சில்வண்டுகள் மட்டும்.
"மூன்று மணிக்கு நாற்பத்து மூன்று."
சிரித்தான்.
கால் இரண்டையும் நீட்டிக்கொண்டான்.
"அப்படியானால் உட்காரலாம்" என்றான்,
யாரோ முத்திரை குத்தி
விடுப்புக் கொடுத்துவிட்டதைப் போல.

அவன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன்.
அந்த எண்ணை அவனிடம் சொல்லவில்லை.
பாட்டிலில் மிச்சமிருந்ததைப் பிடரியில் ஊற்றினேன்.
தள்ளாடி வந்த ஒட்டீலியாவுக்கு
சாலைக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன்:
நாற்பத்து மூன்று!
நின்றாள். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள்.
வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பின்வண்டி வந்தபோது
மரத்தடியில் ஐந்து பேர்.
சதுக்கத்தில் எப்போதோ யாரோ ஜெயித்திருந்தார்கள்.
இலிதியு என் முகத்தைப் பார்க்காமலே
எங்களுக்கும் ஆளுக்கொரு பழம் தந்தான்.
வெயிலில் கிடந்த பழம், கைக்குழந்தைச் சூடு.
அதை இடுப்பில் வைத்துக்கொண்டு
கடையைத் திறந்து பொத்தானை அழுத்தினேன்.

பச்சை வெளிச்சம் இரண்டு முறை துடித்து
முப்பத்தெட்டு என்றது.
சதுக்கமே திரும்பிப் பார்த்துக் கைதட்டியது,
கடைசியாக ஓடி வந்து சேர்ந்தது
அதுதான் என்பதுபோல.